பந்தைத் தொடாத முகாமையாளர்

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, பகலுணவும் உண்டு, சாய்மனைக் கதிரையில் சற்றே கண்ணயரலாம் என்று நாம் எண்ணியிருந்த வேளையில், எமது தங்கையின் கணவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இறக்காமத்தில் பரம்பரையாக வயல் செய்து வருபவர் அவர். எளிதில் கலங்காத அம்மனிதரின் முகத்தில் அன்று கலக்கம் தெரிந்தது.

"மச்சான், நம்மட மூத்தவன் சூதாட்டத்தில் விழுந்துவிட்டான். கணனியைத் திறந்து வைத்துக்கொண்டு நடுச்சாமம் வரைக்கும் ஏதோ வெள்ளைக்காரப் பெயர்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறான். பரீட்சையில் ஒருமுறை தவறிவிட்டது. இதுவும் சேர்ந்தால் பொடியனுடைய கதி என்ன? நீங்கள் பேனா பிடிக்கிறவர். உங்கள் சொல்லுக்காவது காது கொடுப்பான்" என்றார்.

பேனா பிடிக்கிறவர் சொல்லுக்கெல்லாம் உலகம் காது கொடுத்துவிடுவதில்லை என்பதை எமது நேயர்கள் நன்கறிவர். எனினும், "கவலையை விடுங்கள் மச்சான், நான் வந்து பார்க்கிறேன்" என்று வாக்களித்தோம்.

எமது மருமகன் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதியவன். பொறியியற் பீடத்துக்கு வேண்டிய இஸட் புள்ளிக்குச் சிறிதளவே குறைந்துவிட்டது. அந்தச் சிறிதளவு வீட்டில் பெரிதாகிவிட்டது. இரண்டாம் முறை எழுதுவதா, வாப்பாவோடு வயலில் இறங்குவதா, அன்றி ஊர்ப் பிள்ளைகள் பலரைப் போலக் கட்டாருக்குப் புறப்படுவதா என்ற வழக்குத் தீராமலே கிடந்தது. பல்கலைக்கழக அனுமதி நாடி ஒருவர் மூன்று முறை இப்பரீட்சைக்குத் தோற்றலாம் என்பது விதி. ஆனால், வீட்டு விதிகள் எப்போதும் அவ்வளவு தாராளமானவை அல்ல.

அன்றிரவு இஷாவுக்குப் பின் நாம் போனபோது பையன் கணனியின் முன் அமர்ந்திருந்தான். திரை முழுவதும் பெயர்களும் எண்களுமாக இருந்தன.

"இருங்க மாமா. வாப்பா சொல்லித்தான் வந்திருக்கிறீங்க என்று தெரியும். இது சூதில்லை. பேஸ்போல். இணையத்தில் நடக்கிற ஒரு லீக்கில் நான் ஓர் அணியின் முகாமையாளர்" என்றான்.

"பேஸ்போலா? நம் ஊரில் அந்த விளையாட்டை யார் கண்டார்? நீ அந்தப் பந்தை ஒருமுறையேனும் கையால் தொட்டதுண்டா?"

"இல்லை மாமா."

"பிறகு எப்படி முகாமையாளர்?"

"பந்தைத் தொடுவது முகாமையாளரின் வேலை இல்லையே!"

இந்த மறுமொழி எம்மைச் சற்று நிறுத்திவிட்டது. கனடாவில் படிக்கும் உறவுப் பையன் ஒருவன் தன் நண்பர் கூட்டத்தில் இவனையும் சேர்த்துவிட்டானாம். அன்றிரவு அவன் விளக்கியதையும், பின்னர் நாமாகத் தேடி அறிந்ததையும் நேயர்களுக்குச் சுருக்கிச் சொல்வோம்.

பேஸ்போல் அமெரிக்கரின் தேசிய விளையாட்டுப் போன்றது. கிரிக்கட் அறிந்தவர்க்கு அது விளங்குவது கடினமன்று. அணிக்கு 9 பேர். ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் 3 பேர் ஆட்டமிழந்தால் மறுபக்கத்தாரின் முறை. ஆகவே, ஓர் அணியை வெல்ல அதனை 27 தடவை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிரிக்கட்டில் நல்ல துடுப்பாட்டக்காரர் ஒரு நாள் முழுவதும் நிற்கக்கூடும். பேஸ்போலிலோ மிகச் சிறந்தவரும் பெரும்பாலும் தோற்றே திரும்புகிறார். 10 முறை நின்று 3 முறை நன்றாக அடித்துத் தளத்தை அடைபவர் அங்கே பெரிய வீரர். 7 முறை அவருக்குத் தோல்விதான்.

தோல்வி இத்துணை மலிந்த விளையாட்டு ஆதலால், அதில் எவர் உண்மையில் வல்லவர் என்று அறியக் கண் மட்டும் போதாது, கணக்கு வேண்டும். அக்கணக்கிலிருந்தே பாவனை ஆட்டம் பிறந்தது. அமெரிக்காவில் ஹால் ரிச்மன் என்ற சிறுவன் பகடையையும் அட்டையையும் கொண்டு பேஸ்போலை மேசைமீது ஆடும் முறையொன்றைத் தனக்கென வகுத்துக்கொண்டான். வளர்ந்தபின் 1961இல் அதனை 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினான். அதில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. அவரது சென்ற பருவத்து ஆட்டத்தின் தன்மை அந்த அட்டையில் எண்களாக அடங்கியிருக்கும். ஆடும்போது மூன்று பகடைகள் உருட்டப்படும். ஒன்று, அடிப்பவரின் அட்டையைப் பார்ப்பதா, எறிபவரின் அட்டையைப் பார்ப்பதா என்று தீர்மானிக்கும். மற்றை இரண்டின் கூட்டுத்தொகை விளைவைச் சொல்லும்.

கணிதம் பயிலும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். இரு பகடைகளின் கூட்டுத்தொகை 7 ஆவதற்கு 36இல் 6 வழிகள் உண்டு. 2 ஆவதற்கோ 12 ஆவதற்கோ ஒவ்வொரு வழியே உண்டு. ஆகவே, வல்லவரின் நல்லடிகள் 7ஐ அண்டிய எண்களில் வைக்கப்படும்; எளியவருடையவை ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கும். அதிர்ஷ்டத்தின் கையிலே பகடை. ஆனால், எந்த அட்டையை மேசைமீது வைப்பது என்ற தெரிவு ஆடுபவரின் கையிலே.

1981இல் அமெரிக்காவில் பேஸ்போல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நட்சத்திர வீரர்களின் வருடாந்த ஆட்டம் குறித்த நாளில் நடைபெறவில்லை. கிளீவ்லாந்து நகரத்தின் பெரிய மைதானத்திலே மேசை போட்டு, இந்தப் பகடையாட்டத்தால் அதனை நடத்தினார்கள்! பின்னர் கணனி வந்தது; பகடையின் வேலையை அது எடுத்துக்கொண்டது. எமது மருமகன் ஆடுவது 'அவுட் ஒஃப் த பார்க்' என்னும் கணனி ஆட்டம். அதனை ஆக்கியவர் மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர். பேஸ்போல் அதிகம் வேரூன்றாத நாட்டில் ஒருவர் அதனை ஆக்கலாமென்றால், இறக்காமத்தில் ஒருவன் ஆடுவதில் வியப்பென்ன?

லீக் நடக்கும் விதம் இது. பல நாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கோர் அணியை ஏற்பர். 'ஆணையாளர்' என ஒருவர் இருப்பார். லீக்கின் மூலக்கோப்பு அவரிடம் இருக்கும். முகாமையாளர் அக்கோப்பை இறக்கி எடுத்து, யார் எந்த வரிசையில் துடுப்பெடுப்பது, யார் எந்த நாளில் பந்தெறிவது, களைத்தவரை எப்போது மாற்றுவது, எந்த இளைஞனைக் கீழ்மட்ட அணியில் வைத்து வளர்ப்பது, எவரைக் கொடுத்து எவரை வாங்குவது என்பவற்றையெல்லாம் குறித்து, தவணைக்குமுன் அனுப்பிவிட வேண்டும். வாரத்தில் இரண்டு முறை ஆணையாளர் கணனியை இயக்குவார். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்து ஆட்டங்கள் சில நிமிடங்களில் நடந்து முடிந்துவிடும். நடுவில் முகாமையாளர் குறுக்கிட இயலாது. எமது மருமகனின் அணி ஆடும் வேளையில் அவன் பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கிறான். சுபஹுக்கு எழுந்து, தொழுதுவிட்டு வந்துதான் வென்றதா தோற்றதா என்று பார்க்கிறான்.

இதையெல்லாம் கேட்டபின் எமக்கும் ஆவல் பற்றிக்கொண்டது. உளவு பார்க்கப் போனவர் ஆலோசகராக மாறிவிட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஒருநாள் பார்த்தோம், அவனுடைய முதன்மைத் துடுப்பாட்டக்காரர் ஒரு வாரத்தில் 20 முறை நின்று 4 முறை மட்டுமே நன்றாக அடித்திருந்தார். "இந்த ஆளை உட்கார வை" என்றோம். "மாட்டேன் மாமா" என்றான். கொப்பியொன்றை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். அவ்வீரர் மூன்று பருவங்களாக 10இல் 3 என்ற அளவில் அடித்து வருபவர். அத்தகையவர் ஒரு நாளில் 4 முறை நின்றால், நான்கிலும் தோற்பதற்கான நிகழ்தகவு 0.7ஐ நான்கு தடவை பெருக்கினால் வருவது, அதாவது 0.24. ஏறக்குறைய நான்கு நாட்களில் ஒரு நாள் அவர் வெறுங்கையோடு திரும்புவார். 20 முறை நின்று 4 அல்லது அதற்குக் குறைவாக அடிப்பதற்கான நிகழ்தகவும் ஏறக்குறைய 0.24 தான். "நாலு வாரத்தில் ஒரு வாரம் இப்படி வரத்தான் செய்யும். அதற்காக மாற்றினால், அவரைவிடக் குறைந்த ஒருவரை நிறுத்துவேன். அது ஒரு வாரத்தைப் பார்த்து மூன்று வருடத்தை மறப்பது" என்றான்.

அடுத்த வாரமும் அந்த வீரர் சோபிக்கவில்லை. நாம் உள்ளூர மகிழ்ந்தோம், அவன் அசையவில்லை.

அவன் பக்கத்தில் நியாயம் உண்டு என்பதற்கு மெய்யான பேஸ்போலிலேயே சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஒவ்வோர் அணியும் பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடும். 2001இல் சியாட்டில் மரினர்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்றது. ஒரு பருவத்தில் அதற்குமேல் வென்ற அணி கிடையாது. அத்தகைய அணியும் 46 முறை தோற்றது. அதுமட்டுமன்று, இறுதித் தொடருக்கு முந்திய தொடரில் நியூயோர்க் யாங்கீஸ் அணியிடம் தோற்று, இறுதித் தொடரை எட்டாமலே வீடு திரும்பியது. அவர்கள் ஆறு மாதங்களாகச் செய்தவை யாவும் அந்தச் சில நாட்களால் பிழையாகிவிடுமா? ஆகா. செய்த முடிவு வேறு. கிடைத்த விளைவு வேறு.

இதனை அவனுடைய வாப்பாவுக்குச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். "விளைவு வராத முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது மச்சான்?" என்றார்.

"2024ஆம் வருடம் நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள்" என்றோம்.

அவர் மௌனமானார். அம்பாறை மாவட்டத்தில் வயல் செய்தவர்கள் அந்த வெள்ளத்தை மறக்கமாட்டார்கள். போக ஆரம்பக் கூட்டத்தில் குறித்த தவணைக்குள் விதைத்தவரின் வயலும் அழிந்தது. வரம்பைக் கட்டாமல் சோம்பியிருந்தவரின் வயலும் அழிந்தது. எமது மச்சான் நல்ல விதைநெல் எடுத்து, காலத்தில் உழுது, காலத்தில் விதைத்தவர். தண்ணீர் வற்றியபோது முளைத்த பயிர் சேறாகக் கிடந்தது. "அந்த வருடம் நீங்கள் செய்தது பிழையா மச்சான்?" என்று கேட்டோம்.

"பிழையில்லை."

"மறு போகத்தில் விதைக்காமல் விட்டீர்களா?"

"விதைக்காமல் எப்படி விடுவது?" என்றவர், நாம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதை உணர்ந்து, பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஆனால், எமது வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. எல்லாத் தோல்விக்கும் 'விதி' என்று பெயர் வைத்துவிட்டால், சோம்பேறிக்கும் அது குடையாகிவிடும் அன்றோ? இதற்கு மருந்தையும் மருமகனே வைத்திருந்தான். அவனுடைய கொப்பியின் பக்கங்கள் நடுவே கோடிடப்பட்டிருந்தன. கணனி இயங்குவதற்கு முன்னரே, தான் எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் இடப்பக்கத்தில் எழுதிவிடுவான். விளைவு வந்தபின் வலப்பக்கத்தில் எழுதுவான். காரணம் சரியாயிருந்து தோற்றால் ஒரு புள்ளி வைப்பான். காரணமே பிழையென்று கண்டால் சிவப்பில் கோடிடுவான். ஒரு பக்கத்தில் சிவப்புக் கோடு இருந்தது: பந்தெறிபவர் ஒருவர் களைத்திருந்ததைத் திரை காட்டியும், கவனியாமல் அவரையே அனுப்பியிருந்தான். அந்த ஆட்டத்தில் அவன் அணி வென்றது! வென்ற ஆட்டத்தின் கீழே 'என் பிழை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோதுதான் இந்தப் பையனைப் பற்றி எமக்கிருந்த அச்சம் நீங்கியது.

சூதாடுபவன் அவ்வாறு எழுதமாட்டான். அவனுக்கு வந்ததெல்லாம் திறமை, போனதெல்லாம் விதி. காரணம் அவன் கொப்பியில் இல்லை.

எனினும், மச்சானின் அச்சம் வீணானதன்று. காசு எங்கே நுழைகிறதோ அங்கே இத்தகைய ஆட்டத்தின் குணம் மாறுகிறது. 2008இல் இந்தியாவில் தொடங்கிய 'ட்ரீம்11' என்ற நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மெய்யான கிரிக்கட் வீரர்களைக் கொண்டு கற்பனை அணியொன்றைத் தெரிந்து, பணம் கட்டிப் போட்டியிடும் முறையை அது பரப்பியது. இது திறமைக்குரிய ஆட்டமே என்று பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றம் 2017இல் கூறியது. ஆயினும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இந்தியப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அந்த மாதமே அந்நிறுவனம் தன் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. திறமை இருக்கலாம், ஆனால், ஒரே இரவின் ஆட்டத்தில் பணத்தை வைத்தவனுக்கு 162 ஆட்டங்கள் வரை பொறுத்திருக்கும் அவகாசம் எங்கே? நல்ல முடிவுக்கு வேண்டிய காலத்தை அவனுக்குப் பணமே மறுத்துவிடுகிறது.

மருமகனின் லீக்கில் சதக்காசும் கைமாறுவதில்லை. இதனை மச்சான் திரையைப் பார்த்துத் தாமே உறுதிசெய்துகொண்டார். ஆனால், காசு வைக்காத ஆட்டத்திலும் நேரம் செலவாகிறதே! நடுச்சாமக் கண்விழிப்பு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சிறு செலவன்று. அதனை அவனிடம் எடுத்துரைத்தோம். "அப்படியென்றால் அணியை விட்டுவிடவா மாமா? நடுவில் ஒருவர் விட்டுப் போனால் மற்றெல்லாருடைய ஆட்டமும் கெட்டுப்போகும், பருவம் முடியும்வரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றான். வாக்கை முறிக்கச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. வாரத்தில் இரண்டு மாலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம். அதற்குமேல் இல்லை என்று உடன்பாடாயிற்று. வியப்பென்னவெனில், நேரம் சுருங்கியபின் அவனுடைய சிவப்புக் கோடுகள் கூடவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றால் அவன் அணி அடுத்த சுற்றுக்குப் போகும் என்ற நிலை வந்தது. அன்று விடிகாலையில் நாமும் அங்கிருந்தோம். மச்சானும் கதவடியில் நின்றார். ஒன்பதாவது இன்னிங்ஸ். இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். சமநிலைக்கு ஓர் ஓட்டம் வேண்டும். துடுப்பெடுத்து வந்தவர், நாம் உட்கார வைக்கச் சொன்ன அதே வீரர். கதையென்றால் அவர் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பியிருப்பார். இது கதையன்று. அவர் ஆட்டமிழந்தார், அணியும் தோற்றது.

பையன் சற்று நேரம் திரையையே பார்த்திருந்தான். பின், "அந்த இடத்தில் நாளைக்கும் அவரைத்தான் மாமா நிறுத்துவேன்" என்று சொல்லி, கொப்பியின் வலப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தான்.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை மச்சான் தற்செயலாகப் புரட்டினார். அங்கே பேஸ்போல் இல்லை. தன் உயர்தரப் பரீட்சையை அவன் அதே விதமாகக் கோடிட்டு எழுதியிருந்தான். இரசாயனவியலில் ஒரு பகுதியை 'வராது' என்று எண்ணிப் படிக்காமல் விட்டது: சிவப்பு. பௌதிகவியலில் ஒரே வினாவில் நேரத்தைக் கொட்டியது: சிவப்பு. கணிதத்தில் தெரிந்ததைச் செய்தும் எதிர்பார்த்த புள்ளி வராதது: ஒரு புள்ளி. கீழே எழுதியிருந்தது: 'இரண்டு என் பிழை. திருத்தலாம்.'

மச்சான் கொப்பியை மூடி மேசைமேல் வைத்தார். எதுவும் பேசாமல் வயலுக்குப் போய்விட்டார். மாலையில் வந்து, "இன்னொரு முறை எழுதட்டும். இம்முறையும் சரிவராவிட்டால் அடுத்த பெரும்போகத்துக்கு என்னோடு வயலுக்கு வரவேண்டும். சம்மதமா என்று கேளுங்கள்" என்றார். அந்த ஹால் ரிச்மனும் தம் தந்தையிடம் கடன் பெற்றபோது, தொழில் சரிவராவிட்டால் தந்தையின் காப்புறுதி வேலைக்கு வந்துவிடுவதாகவே உடன்பட்டாராம். வாப்பாமார் எங்கும் ஒன்றுதான் போலும்! பையன் சம்மதித்தான்.

பரீட்சைக்கு அவன் விண்ணப்பித்துவிட்டான். பெறுபேறு எவ்வாறு வருமென்று நாம் அறியோம்; அவனும் அறியான். ஆனால் நேயர்களே, உங்கள் வீட்டிலும் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை இருக்கக்கூடும். அது வரும் நாளில், புள்ளியைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதில் உன் பிழை எது, உன் பிழை அல்லாதது எது?" விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த போகம் உண்டு.

இறக்காமத்தில் இப்போது மீண்டும் விதைப்புக்கு நிலம் பண்படுத்துகிறார்கள். மச்சான் வழக்கம்போல் எல்லாருக்கும் முன்னே உழவு இயந்திரத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.